மடிக்கணினியின் ஆயுள்

தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, ஏறுதற்கரிய மலைப்பிளவில் விளைந்த நெல்லிக்கனி ஒன்றைப் பெற்றான். உண்டாரை நெடுங்காலம் வாழச் செய்யும் அதன் இயல்பைத் தன்னுள்ளே அடக்கிக்கொண்டு, அதனை ஔவையாருக்கு ஈந்தான். இவ்வரலாற்றை மாணவர்கள் முன்னரே கற்றிருப்பர். மக்கள் உயிர்க்கு ஆயுள் இருப்பது போலவே பொறிகளுக்கும் ஆயுள் உண்டு. கணிப்பொறியின் ஆயுளையும் நீட்டிக்க ஒரு கனி உண்டு. ஆயின் அதனை அளிப்பவர் ஒருமுறை அளித்து நிறுத்துவதில்லை, திங்கள்தோறும் அளிக்கின்றனர். ஒருநாள் இனி இல்லை என்று கையை மடக்கிக்கொள்கின்றனர். அந்நாள் எது, அதன்பின் பொறி என்னாகும் என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அறிஞர் அண்ணாவின் பிறந்தநாளன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தமிழ்நாட்டு அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புகளில் பயிலும் மாணவர்க்கும், கல்லூரி மாணவர்க்கும் விலையின்றி மடிக்கணினி வழங்கும் திட்டம் அது. எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் அப்பொறிகளைக் கொள்முதல் செய்தது. ஏறத்தாழப் பத்தாண்டுக் காலத்தில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைகளை அடைந்தன. பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும், மாந்தோப்பு உடையோர் வீட்டிலும், பட்டுப்புழு வளர்ப்போர் வீட்டிலும், பிறர் கழனியில் கூலி வேலை செய்வோர் வீட்டிலும் அது நுழைந்தது. பல வீடுகளில் அதுவே முதற் கணிப்பொறி.

பென்னாகரம் சாலையோரத்துச் சிற்றூரில் அத்தகைய வீடொன்றை எண்ணிக்கொள்வோம். 2012இல் அவ்வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பில் பயின்றபோது ஒரு மடிக்கணினி பெற்றாள். கல்லூரிக் கட்டுரைகளை அதில் எழுதினாள். திருமணமாகிச் சென்றபோது அதனைப் பிறந்த வீட்டிலேயே விட்டுச் சென்றாள். இன்று அவளுடைய அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பில் பயில்கிறாள். துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்த அத்தையின் மடிக்கணினியை அவள் எடுக்கிறாள், தூசி தட்டுகிறாள், மின்கம்பியைச் செருகிப் பொத்தானை அழுத்துகிறாள். திரை ஒளிர்கிறது. விசைகள் ஒவ்வொன்றும் சொன்னபடி கேட்கின்றன. அத்தை எழுதிய கட்டுரைகள் எழுத்துக் குலையாமல் இருக்கின்றன. மின்கலம் மட்டுமே செத்துவிட்டது. இணையத்தில் இணைத்தவுடனே நிலைமை மாறுகிறது. சில பக்கங்கள் திறக்க மறுக்கின்றன. உலாவி, இனித் தனக்குப் புதுப்பிப்பு வாராது என்று அறிவிக்கிறது. பழுது பார்ப்பவரிடம் கொண்டுசென்றால், “இது பழையது அம்மா, புதியதொன்று வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிறார்.

உடலில் ஊனமில்லாத பொறி எவ்வாறு பழையதாயிற்று? பழுது பார்ப்பவர் கூற்று முற்றும் பொய்யன்று, முற்றும் மெய்யுமன்று. அதனைத் தெளிய வேண்டுமாயின் இயங்குதளம் என்பது யாதென அறிதல் வேண்டும்.

ஏரிப் பாசனமுள்ள ஊர்களில் நீரை முறைவைத்துப் பங்கிடும் ஆள் ஒருவர் இருப்பார். எந்த மடையை எப்போது திறப்பது, யார் கழனிக்கு எவ்வளவு நேரம் விடுவது, கடைமடைக்கு நீர் சென்று சேர்ந்ததா என்பவற்றையெல்லாம் பார்ப்பவர் அவரே. அவர் இல்லையேல் ஏரி நிறைந்திருந்தும் பயிர் வாடும். கணிப்பொறியில் அப்பணியைச் செய்வது இயங்குதளம். மையச் செயலியின் நேரத்தையும், நினைவகத்தின் இடத்தையும், வன்தட்டில் உள்ள கோப்புகளையும், திரையையும் விசைப்பலகையையும் பல்வேறு நிரல்களுக்குப் பங்கிட்டுத் தருவது அதுவே. நாம் எழுதும் செயலியாயினும், பாடல் கேட்கும் செயலியாயினும் இயங்குதளத்தின் இசைவின்றி ஓரணுவும் அசைவதில்லை. விண்டோஸ், மாக், லினக்ஸ் என்பன மடிக்கணினிகளில் வழங்கும் இயங்குதளங்கள்.

இயங்குதளம் மனிதர் எழுதிய நிரல். மிக நீண்ட நிரல். லினக்சின் கருநிரல் ஒன்றே இன்று ஏறத்தாழ 4 கோடி வரிகளைக் கொண்டது. இத்துணை வரிகளில் பிழை நேராதிருக்க வழியில்லை. பெரும்பாலான பிழைகள் தீங்கற்றவை. சில மட்டும் சுவரில் விழுந்த ஓட்டை போன்றவை; அவற்றின் வழியே பிறர் உள்ளே நுழைந்து, நம் கோப்புகளைத் திருடவோ கெடுக்கவோ இயலும். ஓட்டை கண்டறியப்படுந்தோறும் அதனை அடைக்கும் சிறு நிரல் ஒன்றை ஆக்கியோர் வெளியிடுகின்றனர். அதுவே புதுப்பிப்பு. விண்டோசை ஆக்கிய மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2003 அக்டோபர் முதல் ஒவ்வொரு திங்களின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று இவற்றை வெளியிடும் வழக்கத்தை மேற்கொண்டுள்ளது.

புதுப்பிப்பு வேறு, பதிப்பு மாற்றம் வேறு. ஓட்டைக் கூரையில் உடைந்த ஓட்டை எடுத்துவிட்டு வேறு ஓடு வைப்பது முன்னது. கூரையையே பிரித்துத் தளம் போடுவது பின்னது. விண்டோஸ் 7 பத்தாகவும், பத்துப் பதினொன்றாகவும் மாறுவது பதிப்பு மாற்றம். தளம் போடச் சுவர் தாங்க வேண்டும். பதிப்பு மாற்றத்தையும் அவ்வாறே பொறி தாங்க வேண்டும். மடிக்கணினி எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற வினா, உண்மையில் இவ்விரண்டும் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்ற வினாவேயாகும்.

புதுப்பிப்பு இல்லாமற்போனால் நேரும் கேட்டினை உலகம் 2017இல் கண்டது. அவ்வாண்டு மார்ச் 14ஆம் நாள், விண்டோசில் கோப்புகளைப் பகிரும் பகுதியில் இருந்த ஒரு ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. மே 12ஆம் நாள் வானாக்ரை என்னும் தீநிரல் அதே ஓட்டையின் வழியே பரவத் தொடங்கியது. ஒரு கணிப்பொறியில் புகுந்தவுடன் அது அங்குள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, மீட்புப் பணம் கேட்டது. அவ்வளவில் நில்லாமல் பக்கத்துக் கணிப்பொறிகளையும் தானே தேடிச் சென்றது. சில நாட்களுக்குள் ஏறத்தாழ 150 நாடுகளில் 2 இலட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் சிக்கின. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அறுவை மருத்துவங்கள் தள்ளி வைக்கப்பட்டன. நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தில் காவல்துறைக் கணிப்பொறிகள் சிலவும் பாதிக்கப்பட்டன. சிக்கியவற்றுள் மிகப் பெரும்பகுதி விண்டோஸ் 7 கொண்டவை. அவற்றுக்கு மருந்து இரண்டு திங்களுக்கு முன்னரே வந்திருந்தது, உட்கொள்ளத்தான் இல்லை. 2014இலேயே கைவிடப்பட்ட எக்ஸ்பி பதிப்பிற்கு மருந்தே வந்திருக்கவில்லை. நிலைமையின் கடுமை கண்டு, விதிவிலக்காக அதற்கும் ஒரு புதுப்பிப்பை அந்நிறுவனம் அப்போது வெளியிட நேர்ந்தது.

இங்கு நுணுகி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. புதிய பதிப்புக்கு வெளியிடும் புதுப்பிப்பு பழைய பதிப்புக்குப் பகையாகவும் முடியும். எங்ஙனம் எனில், பழைய பதிப்பின் நிரலிற் பெரும்பகுதி புதிய பதிப்பிலும் தொடர்கிறது. புதியதில் அடைக்கப்பட்ட ஓட்டை பழையதிலும் இருக்கக்கூடும். திருடன் புதுப்பிப்பிற்கு முன்னும் பின்னும் உள்ள நிரலை ஒப்பிட்டு, எங்கே அடைத்தனர் என்று காண்கிறான். காணவே, எங்கே அடைக்கவில்லை என்பதும் அவனுக்கு விளங்கிவிடுகிறது. அண்டை வீட்டார் பின்சுவரில் கொத்தனார் பூசிய இடத்தைப் பார்த்து, அதே மேஸ்திரி கட்டிய நம் வீட்டுப் பின்சுவரைத் தட்டிப் பார்ப்பதை ஒக்கும் இது. ஆகையால் கைவிடப்பட்ட இயங்குதளம் கைவிட்ட நாளில் இருந்த நிலையிலேயே இருப்பதில்லை. திங்கள்தோறும் அதன் நிலை தாழ்கிறது. “நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது” என்று கூறுவோர் இதனை நினைத்தல் வேண்டும்.

இனி, கைவிடும் நாள் எவ்வாறு முடிவாகிறது என்பதைக் காண்போம். மைக்ரோசாஃப்ட் தன் பதிப்புகள் பலவற்றுக்கு ஏறத்தாழப் பத்தாண்டு என்று வரையறை வைத்திருந்தது. எக்ஸ்பி 2001 அக்டோபரில் பிறந்து 2014 ஏப்ரல் 8 வரை புதுப்பிப்புப் பெற்றது. அது சற்று நீண்ட ஆயுள். விண்டோஸ் 7 பிறந்தது 2009 அக்டோபர் 22. முடிந்தது 2020 ஜனவரி 14. எட்டின் திருத்தப் பதிப்பான 8.1 முடிந்தது 2023 ஜனவரி 10. விண்டோஸ் 10 பிறந்தது 2015 ஜூலை 29. முடிந்தது 2025 அக்டோபர் 14. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனருக்கு இறுதியிற் கூறியதற்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது.

இக்கணக்கு பொறி வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதன்று. பதிப்புப் பிறந்த நாளிலிருந்து தொடங்குவது. 2012இல் அத்தை பெற்ற பொறியில் இருந்தது விண்டோஸ் 7. அவள் கைக்கு வந்தபோதே அதன் ஆயுளில் ஏறத்தாழ மூன்றாண்டு கழிந்திருந்தது. அவளுக்கு எஞ்சியது எட்டாண்டுக்கும் குறைவு. மருந்து அட்டையில் கெடுநாள் அச்சிடுகின்றனர். சமையல் எரிவாயு உருளையின் கழுத்திலும் அடுத்த சோதனை எப்போது என்பதை எழுத்தும் எண்ணுமாகப் பொறிக்கின்றனர். மடிக்கணினியின் அடிப்பகுதியில் எத்தனையோ எண்கள் உள்ளன. இந்த ஒரு நாள் மட்டும் அங்கே இல்லை. இருந்திருக்கலாம் என்பது என் கருத்து.

இடையில் ஒரு நல்வாய்ப்பு வந்தது. 2015 ஜூலை முதல் ஓராண்டுக்கு, விண்டோஸ் 7ஐயும் 8.1ஐயும் வைத்திருப்போர் விலையின்றிப் பத்துக்கு மாறலாம் என்று மைக்ரோசாஃப்ட் அழைத்தது. நிறுவனங்களுக்கென ஆன சில பதிப்புகள் மட்டும் அவ்வழைப்பில் சேரவில்லை. பத்திற்கு வேண்டிய நினைவகம் 1 அல்லது 2 ஜி.பி. மட்டுமே. முதல் ஆண்டுகளில் வழங்கிய மடிக்கணினிகளில் 2 ஜி.பி. நினைவகம் இருந்தது, எனவே ஏட்டளவில் பொருத்தம் உண்டு. ஆயினும் புதிய பதிப்பை இறக்கிக்கொள்ளச் சில ஜி.பி. அளவுக்கு இணையம் வேண்டும். 2015இல் மலையடிவாரத்துச் சிற்றூரில், கைபேசிக்குக் கூட ஒரு கோடு அலை கிடைக்க மொட்டை மாடிக்கு ஏற வேண்டியிருந்த வீடுகளில், அது எளிதன்று. இணையத்தில் இணையாத பொறிக்கு அவ்வழைப்பே எட்டாது. எட்டியவர்கள் பத்துக்கு மாறி, அதே பொறியில் 2025 வரை புதுப்பிப்புப் பெற்றிருக்க இயலும். ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள்! ஒரே பொறி, ஒருவர்க்கு எட்டாண்டு, மற்றொருவர்க்குப் பதின்மூன்று. வேறுபாட்டை உண்டாக்கியது பொறியன்று, செய்தியும் இணைப்பும்.

அடுத்த படியில்தான் சுவர் எழுந்தது. 2021 அக்டோபர் 5இல் வெளியான விண்டோஸ் 11, 4 ஜி.பி. நினைவகத்தையும் 64 ஜி.பி. சேமிப்பிடத்தையும் கேட்டது. அது பெரிதன்று. நினைவகம் குறைந்தால் கூட்டிக்கொள்ளலாம். டிபிஎம் 2.0 என்னும் காவற்சில்லு பொறியில் இருக்க வேண்டும் என்றும், தான் வெளியிட்ட பட்டியலில் உள்ள மையச் செயலிகளுள் ஒன்றே இருக்க வேண்டும் என்றும் அது விதித்தது. இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிற்பட்டனவுமே அப்பட்டியலில் உள்ளன. எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்தது 2017இல். அதற்கு முந்தைய மடிக்கணினிகள், எத்துணை விரைவாக ஓடினும், வாயிலில் நிறுத்தப்பட்டன.

காவற்சில்லு என்பது கடவுச்சொற்களின் சாவிகளைத் தனியறையில் பூட்டி வைக்கும் சிறு உறுப்பு. வன்தட்டைக் கழற்றிக்கொண்டு போனாலும் சாவி கிடைக்காது. அது பயனுள்ளது என்பதில் ஐயமில்லை. பழைய செயலிகளை விலக்குவதற்கு நிறுவனம் கூறும் காரணமும் பொருளற்றதன்று. ஒவ்வொரு புதுப்பிப்பையும் ஆயிரக்கணக்கான பொறிவகைகளில் ஓட்டிப் பார்த்துத்தான் வெளியிட வேண்டும். வகை கூடக் கூடச் செலவும் கூடும். அன்றியும், வலைச்சில்லு, ஒலிச்சில்லு முதலியவற்றை இயக்கும் சிறு நிரல்களை அவ்வவற்றைச் செய்த நிறுவனங்களே எழுதித் தர வேண்டும். அவர்கள் பழையவற்றுக்கு எழுதுவதை நிறுத்தினால் இயங்குதளம் செய்யத்தக்கது சிறிதே. ஆனால், உழுது வரும் எருதை லாடம் புதியதன்று என்று சந்தைக்கு ஓட்டச் சொன்னால் உழவர் ஒப்புவரோ? கோடிக்கணக்கான பொறிகள் ஒரே நாளில் ‘பழையன’ ஆவதில் விற்பனையாளர்க்கு ஆதாயம் உண்டென்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. சில்லின்றியே பதினொன்றைப் புகுத்தும் குறுக்கு வழிகளைச் சிலர் கையாளுகின்றனர். அவ்வாறு புகுத்திய பொறிகளுக்குப் புதுப்பிப்புக் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை என்று நிறுவனமே கூறியுள்ளது.

பிற நிறுவனங்களின் வழக்கத்தைச் சுருங்கக் கூறலாம். ஆப்பிள் நிறுவனம் ஆண்டுதோறும் புதுப்பதிப்பு வெளியிட்டு, பழைய மாதிரிகளைச் சிறிது சிறிதாகக் கழற்றிவிடும். இன்டெல் செயலி கொண்ட மாக் கணிப்பொறிகளுக்கு 2025இல் வந்த டஹோ என்னும் பதிப்பே இறுதி என்று அறிவித்துள்ளது. கூகுள் நிறுவனம் குரோம்புக் என்னும் மடிக்கணினிகளுக்குப் பத்தாண்டுப் புதுப்பிப்பு என 2023இல் உறுதி கூறியது. அங்கும் கணக்கு, அந்தப் பொறிவகை முதலில் வெளியான நாளிலிருந்தே. கடையில் நான்காண்டு கிடந்த மாதிரியை விலை மலிவென்று வாங்குபவர், நான்காண்டு கழித்த ஆயுளையே வாங்குகிறார்.

இனி அத்தையின் மடிக்கணினிக்கு மீள்வோம். அதனைத் திறக்கும்போது திரையில் இரு வழிகள் தோன்றும்படி முதலில் அமைக்கப்பட்டிருந்தது. ஒன்று விண்டோஸ், மற்றொன்று பாஸ் லினக்ஸ். பாஸ் என்பது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்னும் பெயரின் சுருக்கம். சீ-டாக் எனப்படும் உயர்கணிமை வளர்ச்சி மையம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட இந்திய இயங்குதளம் அது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்குவது. பல மாணவர் இரண்டாம் வழியைத் தொட்டும் பார்த்திலர். விண்டோசிலேயே பழகிய கை அதனை நாடவில்லை; நாடச் சொல்வாரும் அருகில் இல்லை. முதல் வழி அடைபட்ட இந்நாளில் அந்த இரண்டாம் வழியே அப்பொறிக்கு உயிர்வழியாகிறது.

1991இல் பின்லாந்து நாட்டில் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் லினக்சின் கருநிரலைத் தொடங்கினார். அதன் நிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து வைக்கப்பட்டது. அதன்மேல் பற்பல குழுவினர் தத்தம் இயங்குதளத்தைக் கட்டினர். 1993இல் தொடங்கிய டெபியன் அவற்றுள் முதன்மையானது. பாஸ் லினக்சும் டெபியனை அடியாகக் கொண்டதே. டெபியனின் ஒவ்வொரு பதிப்பும் ஏறத்தாழ மூன்றாண்டு முழுப் புதுப்பிப்பும், மேலும் இரண்டாண்டு நீட்டித்த புதுப்பிப்பும் பெறுகிறது. டெபியனை அடியாகக் கொண்டு எழுந்த உபுண்டுவின் நெடுங்காலப் பதிப்புக்கும் ஐந்தாண்டு.

ஐந்தாண்டு பத்தாண்டினும் குறைவன்றோ என வினவலாம். வேறுபாடு இதுதான்: ஐந்தாண்டு முடிந்தபின் அடுத்த பதிப்புக்கு விலையின்றி மாறலாம், காவற்சில்லு உண்டா என்று கேட்பார் இல்லை. இவ்வாறு ஏணிப்படி போல ஏறிச் செல்லலாம். அண்டை மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணிப்பொறிகள் இத்தகைய கட்டற்ற இயங்குதளத்தில்தான் நெடுநாளாக இயங்கி வருகின்றன.

அந்த ஏணிக்கும் முடிவு உண்டு. 1985இல் வெளியான இன்டெல் 386 என்னும் செயலிக்குரிய பகுதியை லினக்ஸ் கருநிரலிலிருந்து 2012 டிசம்பரில் நீக்கினர். அச்செயலி பிறந்து இருபத்தேழு ஆண்டு கழிந்த பின்னரே அது நிகழ்ந்தது. நமக்கு அணித்தாக உள்ள எல்லை 32 பிட்டு எல்லை. செயலி ஒரு நேரத்தில் எத்தனை இலக்கங்களால் நினைவக இடத்தைச் சுட்டுகிறது என்பதை இவ்வெண் காட்டும். 32 இலக்கத்தால் சுட்டத்தக்க இடங்கள் ஏறத்தாழ 429 கோடி. அதாவது 4 ஜி.பி. அதற்குமேல் நினைவகம் இருந்தும் எளிதிற் பயன்படாது. ஆகவே உலகம் 64 பிட்டுக்கு மாறிற்று. 2025 ஆகஸ்டு 9இல் வெளியான டெபியன் 13, 32 பிட்டுக் கணிப்பொறிகளில் புதிதாக நிறுவும் வசதியைக் கைவிட்டது. பழைய மடிக்கணினியில் முதலில் ஆராய வேண்டியது இதுவே. விண்டோஸ் 7 தன்னை 32 பிட்டு என்று காட்டினாலும் அதனடியில் உள்ள செயலி 64 பிட்டாக இருத்தல் கூடும். செயலியின் பெயரைக் கொண்டு அதனைத் தனியே பார்த்தல் வேண்டும்.

இயங்குதளம் இடங்கொடுத்தாலும் இணையப் பக்கங்கள் கனத்துவிட்டன. 2 ஜி.பி. நினைவகத்தில் மூன்று பக்கங்களை ஒருசேரத் திறந்தால் பொறி மூச்சுத் திணறும். அதனை 4 ஜி.பி. ஆக்குவதும், சுழலும் வன்தட்டை நீக்கி எஸ்எஸ்டி என்னும் சில்லுத்தட்டைப் பொருத்துவதும் பழைய பொறிக்குச் செய்யத்தக்க இரு பெரும் உதவிகள். தொடங்கவே நிமிடக்கணக்கில் காத்திருக்க வைத்த பொறி, தட்டு மாறியபின் அரை நிமிடத்திற்குள் எழுந்துவிடுவதைப் பலரும் கண்டிருப்பர். இவ்விரண்டின் விலையும் புதுப்பொறியின் விலையில் ஒரு சிறு பங்கே. மின்கலம் கிடைத்தால் மாற்றலாம். கிடைக்காவிடில் மின்கம்பியோடு வைத்தே பயன்படுத்தலாம். பள்ளிப் பாடங்களுக்கு அது போதும்.

இவற்றுள் ஒன்றும் இயலாதாயின், அப்பொறியை இணையத்தில் இணைக்காமல் வைத்துக்கொள்வதே முறை. திருடன் நுழையும் வழி பெரும்பாலும் இணையமே. அவ்வழி மூடியிருக்குமாயின் விண்டோஸ் 7உம் நல்ல வேலைக்காரனே. தமிழ் 99 விசைப்பலகையில் தட்டெழுதப் பழகலாம். கணக்கு அட்டவணை இடலாம். நிரல் எழுதிப் பார்க்கலாம். பிறரிடமிருந்து பேனா நினைவகம் வாங்கிச் செருகும்போது மட்டும் விழிப்பு வேண்டும். தீநிரல் அதன் வழியேயும் வரும். ஆனால் புதுப்பிப்பு நின்ற பொறியில் வங்கிக் கணக்கைத் திறப்பதும், ஆதார் எண்ணையும் கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணையும் இடுவதும் கூடா. பட்டுக்கூடு விற்ற பணம் வங்கியில் வந்து விழும் காலம் இது. கல்வி உதவித்தொகை விண்ணப்பமும் இணையத்திலேயே. அவ்வீட்டில் வேறு கணிப்பொறி இல்லாதபோது, அத்தையின் பொறியில் அதனைச் செய்ய நேர்வது இயல்பு. அதனாலேயே புதுப்பிப்புக் கிடைக்கும் இயங்குதளத்திற்கு அதனை மாற்றுவது அவ்வீட்டிற்குப் பெரும் பொருளாகிறது.

மாற்றும் முறை கடினமன்று. புதிய இயங்குதளத்தை நன்றாக இயங்கும் வேறொரு கணிப்பொறியில் இறக்கி, பேனா நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளுதல் வேண்டும். பலவற்றை வன்தட்டில் எழுதாமலே அந்நினைவகத்திலிருந்து நேராக ஓட்டிப் பார்க்கலாம். திரை, ஒலி, இணையம், விசைகள் யாவும் சரியாக உள்ளனவா என்று கண்டபின் நிறுவலாம். நிறுவும்போது வன்தட்டில் உள்ளவை அழியக்கூடும். ஆதலின் அச்சிறுமி முதலிற் செய்ய வேண்டியது, அத்தையின் கட்டுரைகளையும், கல்லூரி நாளில் எடுத்த நிழற்படங்களையும் வேறிடத்தில் படியெடுத்து, அப்படி திறக்கிறதா என்று பார்த்து வைப்பது. அதன் பின்னரே மற்றவை.

2025ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசின் வரவு செலவுத் திட்டம், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவித்தது. விண்டோஸ் 11ஐப் பொறுத்தவரை, ஆண்டுதோறும் வரும் அதன் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வீட்டுப் பயனர்க்கு 24 திங்கள் புதுப்பிப்பு. அதற்குள் அடுத்த வெளியீட்டுக்கு மாறிவிட வேண்டும். டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் முடிவுநாள் முன்னரே வெளியிடப்படுகிறது. தம் பொறியில் உள்ள பதிப்பின் பெயரையும், அதன் இறுதி நாளையும் ஒரு சிறு தாளில் எழுதி, மடிக்கணினியின் அடிப்பகுதியில், தயாரித்தோர் ஒட்டிய எண்களுக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம். பதிப்பு மாறும்போது தாளையும் மாற்றிக்கொள்ளலாம்.